ஃபால்கன் பி.எம்.எஸ்: எரிபொருள் முள்ளைப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு

ராணிப்பேட்டை சிப்காட்டில் மோட்டார், பம்ப் வேலை பார்க்கிறவன் நான். ஃபால்கன் பி.எம்.எஸ் என்பது எஃப்-16 போர் விமானத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் விளையாட்டு. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரேடார், ஏவுகணை, வான்சண்டை என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது எரிபொருள் அமைப்பு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஃப்-16 எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள். உட்கார்ந்ததும் சுட வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

1998இல் மைக்ரோபுரோஸ் வெளியிட்ட ஃபால்கன் 4.0 விளையாட்டின் மேல் ஆர்வலர்கள் வருடக்கணக்கில் உழைத்து வளர்த்தது பி.எம்.எஸ். இது இலவசம். ஆனால் கணினியில் மூல ஃபால்கன் 4.0 இருக்க வேண்டும். காசு அதற்கு மட்டும்தான், அதுவும் சொற்பம். களம் கொரியா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எஃப்-16இன் உள்தொட்டிகளில் மட்டும் சுமார் 7,000 பவுண்டு எரிபொருள் பிடிக்கும், நம் கணக்கில் 3,200 கிலோ. தாழ்வாகப் பறந்துகொண்டு முழு ஆஃப்டர்பர்னர் (எஞ்சினின் பின்பக்கத்தில் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் ஏற்பாடு) போட்டால் மணிக்கு 50,000 பவுண்டுக்கு மேல் குடிக்கும். அந்த 7,000 பத்து நிமிடம் தாங்காது. இவ்வளவு எடை இவ்வளவு வேகமாகக் கரையும்போது அது எந்தப் பக்கத்திலிருந்து கரைகிறது என்பது உயிர்நாடியான கேள்வி. முன் தொட்டி மட்டும் காலியானால் விமானம் பின்பாரமாகிவிடும். எஃப்-16ஐக் கொஞ்சம் நிலையற்றதாகவேதான் வடிவமைத்திருக்கிறார்கள், கணினிதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. பின்பாரம் எல்லை மீறினால் மூக்கைத் தூக்கும்போது கட்டுப்பாடு கைவிட்டுப் போகலாம்.

அதற்காக உள்ளே செய்திருக்கும் ஏற்பாடு அருமையானது. வலது இறக்கைத் தொட்டி முன் தொட்டிக்குப் போகிறது, இடது இறக்கைத் தொட்டி பின் தொட்டிக்கு. இறக்கையிலிருந்து உடலுக்கு சைஃபன் முறையில் இழுக்கிறது, வெளித்தொட்டிகளிலிருந்து காற்றழுத்தம் தள்ளுகிறது. கடைசியில் ஃபியூல் ஃப்ளோ புரொபோர்ஷனர் என்ற கருவி முன்னிலிருந்தும் பின்னிலிருந்தும் சரியான விகிதத்தில் எடுத்து எஞ்சினுக்கு அனுப்புகிறது. அதை ஓட்டுவது மின்சாரமல்ல, விமானத்தின் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளில் 'ஏ' என்கிற ஒன்று. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு ஓவர்ஹெட் டேங்கிலிருந்து ஒரே பைப்பில் சமமாகத் தண்ணீர் எடுக்க வால்வைத் திருகித் திருகிப் பார்த்தவர்களுக்கு இதன் அழகு புரியும்.

விமானி பார்க்க வேண்டியது ஒரே ஒரு மீட்டர். அதில் ஏ.எல், எஃப்.ஆர் என்று இரண்டு முள். முதலாவது பின்னும் இடதும், இரண்டாவது முன்னும் வலதும். சமநிலை கெட்டால் ஏ.எல் முள்ளின் சிவப்புப் பகுதி வெளியே தெரியும். கீழே மொத்த அளவு எண்ணாக ஓடும். பக்கத்தில் இருக்கிற திருகைத் திருப்பினால் ஒவ்வொரு தொட்டியையும் தனித்தனியாகக் காட்டும்.

நான் வேண்டுமென்றே சோதித்தேன். நல்ல உயரத்தில் நேராகப் பறந்துகொண்டு எந்தப் பக்கத் தொட்டியிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று தீர்மானிக்கும் என்ஜின் ஃபீட் திருகை நார்மலிலிருந்து ஃபார்வர்டுக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, மாற்றினேன். எஃப்.ஆர் முள் இறங்க ஆரம்பித்தது, ஏ.எல் அசையாமல் நின்றது, சிவப்பு எட்டிப் பார்த்தது. பிறகு ஆஃப்ட்டுக்கு, அதாவது பின்பக்கத்துக்கு, மாற்றி, த்ராட்டிலைக் குறைத்து, கூர்மையான திருப்பம் எதுவும் போடாமல் காத்திருந்தேன். முட்கள் மெதுவாகச் சேர்ந்தன. சேர்ந்த பிறகு நார்மலுக்குக் கொண்டுவர மறக்கவே கூடாது. மறந்தால் அடுத்த பக்கம் பாரம் ஏறும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பையன், "இன்னா மாமா, சுடாம அந்த முள்ளையே பாத்துனு கீறீங்க?" என்றான். முள்ளைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்துப் பி-8ஐ ரோந்து விமானம் தலைக்கு மேல் போகும்போதுகூட இப்போது என் கண் இறக்கைக்குத்தான் போகிறது.

திருகைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு தொட்டியின் அளவையும் கூட்டி, மொத்த எண்ணோடு ஒத்துவருகிறதா, மொத்தம் நியாயமான வேகத்தில்தான் குறைகிறதா என்று பாருங்கள். ஒழுகல் இருந்தால் சமன் செய்வதில் பொருளில்லை, உடனே தளத்துக்குத் திரும்புவதுதான் சரி. ஒற்றை இருக்கை விமானத்தில் முன்பக்கம் 400 பவுண்டு, பின்பக்கம் 250 பவுண்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதுவரை இழுக்காதீர்கள். பிங்கோ அளவை, அதாவது தளத்துக்குத் திரும்ப வேண்டிய எரிபொருள் அளவை, முன்னாடியே போட்டு வைத்தால் காதில் "பிங்கோ" என்று குரல் வரும்.

கையேடுகள் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்சிப் பறப்பும் உண்டு. எல்லாம் ஆங்கிலம், நூற்றுக்கணக்கான பக்கம். பொறுமை வேண்டும். ஆனால் எழுதியவர்கள் எந்திரத்தை நேசிக்கிறவர்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. படங்களின் பளபளப்பில் இதை மிஞ்சுகிற சிமுலேட்டர்கள் உண்டு. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

நம் ஊருக்கு இரண்டு யோசனை. சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் உட்காராதீர்கள், கணினி கொதித்துவிடும். இரவு எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நடுவானில் கரண்ட் போனால் அந்தப் பறப்பு போனதுதான், அதனால் நல்ல பேட்டரி போட்ட யு.பி.எஸ் கட்டாயம். விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக் முதலில் வேண்டாம், சாதாரணமானதே போதும். என்ஜின் ஃபீட் திருகுக்கு மட்டும் கைக்கு எட்டுகிற ஒரு பட்டனை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.