கயிறு சுற்றிய கத்தி வாங்கினால் முதலில் கயிற்றை அவிழ்த்துப் பாருங்கள்

கும்பகோணத்துக்காரனுக்கு மலையேற்றக் கத்தி எதற்கு என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. எங்கள் பக்கம் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரமும் ஆற்றங்கரையும்தான். ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு தடவை மச்சானையும் சேர்த்துக்கொண்டு கொல்லிமலை, பச்சைமலை என்று கிளம்பிவிடுவேன். முன்பு ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தேன். மடங்குகிற இடத்தில் மணல் புகுந்து, பாதி திறந்தபடி நின்றுவிட்டது. சரி, மடங்காத கத்தியாக ஒன்று நல்லதாக வாங்கலாம் என்று தேடப்போய்த்தான் 2,800 ரூபாயை விட்டேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு விற்பனைப் பக்கம். டி2 ஸ்டீல், ஃபுல் டேங், 60 எச்.ஆர்.சி என்று போட்டிருந்தார்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கும் அப்போது எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியாத வார்த்தையாக இருந்ததால்தான் நம்பினேன் போல. கூடவே ஒரு வீடியோ: அதே கத்தியை விறகின் மேல் வைத்து, முதுகில் கட்டையால் நாலு தட்டுத் தட்டி விறகைப் பிளக்கிறார் ஒருவர். அதைப் பார்த்ததும் ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டேன், ஏதோ ஒரு தனி ஆள் பெயருக்கு. பில் கேட்டதற்கு "பார்சலோட வரும் சார்" என்றார்கள். பார்சல் மட்டும் வந்தது.

கத்தி பார்க்க அம்சமாகவே இருந்தது. கறுப்பு அலகு, நல்ல கனம், பிடி முழுக்க இறுக்கமாகப் பச்சைக் கயிறு. மழையில் வழுக்காமல் இருக்கச் சுற்றியிருக்கிறார்கள் என்று வீட்டில் விளக்கம் வேறு சொன்னேன்.

மலைக்குப் போகுமுன் பழகிப் பார்க்கலாம் என்று மாசி வாக்கில் அணைக்கரைப் பக்கம் நண்பர் ஒருவரின் தோப்பில் ஓர் இரவு தங்கினோம். கொள்ளிடத்து மணலிலேயே கூடாரம் போட ஆசைதான். அங்கே முதலை உண்டு என்பதால் தோப்போடு நிறுத்திக்கொண்டோம். காய்ந்த சவுக்குக் கட்டை, மணிக்கட்டுப் பருமன் இருக்கும். வீடியோவில் பார்த்த மாதிரியே கத்தியை வைத்துத் தட்டினேன். நாலாவது தட்டில் டக்கென்று ஒரு சத்தம். பிடி கையில் இருக்கிறது, அலகைக் காணோம். மச்சானின் முழங்காலை ஒட்டிப் பறந்து போய் மண்ணில் கிடந்தது. தங்கைக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது.

அங்கேயே டார்ச் வெளிச்சத்தில் கயிற்றை அவிழ்த்தோம். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் துண்டு, நடுவில் பசை, பசைக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கம்பி. அதை அலகோடு பற்றவைத்திருந்தார்கள். முறிந்தது அந்தப் பற்றவைப்பில்தான்.

ஃபுல் டேங் என்றால் அலகின் இரும்பே ஒரே துண்டாகப் பிடியின் கடைசி வரை, பிடியின் அகலத்துக்கே போக வேண்டும். இரண்டு பக்கமும் மரமோ, பிசினில் ஊறிய துணியை இறுக்கிச் செய்த மைக்கார்ட்டா பலகையோ வைத்து ஆணி அடித்திருப்பார்கள். பிடியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் நடுவில் இரும்புக் கோடு தெரியும். கயிறு சுற்றினால் அது தெரியாது. ஃபுல் டேங் இல்லாததெல்லாம் மட்டம் என்று சொல்லவில்லை. சுவீடனின் மோரா கம்பேனியன் கத்தியில் பிடியின் முழு நீளத்துக்கும் இரும்பு போகாது, ஆனாலும் சின்ன வேலைகளுக்கு உலகம் முழுக்க அதை வைத்திருக்கிறார்கள். இல்லாததை இருக்கிறது என்று விற்றதுதான் என் வழக்கு.

உடைந்த அலகை எங்கள் பக்கத்துப் பட்டறை ஆசாரியிடம் கொண்டுபோனேன். காந்தம் ஒட்டுகிறதே, நல்ல இரும்புதானே என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மட்டமான இரும்பிலும் காந்தம் ஒட்டும். அவர் அரத்தை எடுத்து அலகின் வாயில் ஒரு இழுப்பு இழுத்தார். தகர டப்பாவை ராவியது போலத் துருவல் உதிர்ந்தது. எச்.ஆர்.சி என்பது எஃகின் கடினத்தைச் சொல்லும் அளவு. நிஜமாகவே 60 எச்.ஆர்.சி கடினம் இருந்தால் அரம் கடிக்காது, பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும். "இது மாட்டி வைக்கிறதுக்குத் தம்பி, வெட்டுறதுக்கு இல்ல" என்றார்.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது: டி2 என்பது உலோகத்தை வெட்டி வடிவமைக்கும் அச்சுகள் (டை) செய்வதற்கான எஃகு. கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம் வாக்கில் இருக்கும். அதில் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் அடி தாங்குவதில் அது கெட்டிக்காரன் இல்லை. ஆக அசல் டி2 வந்திருந்தால்கூட விறகு பிளக்க நான் தேர்ந்தெடுத்தது தப்பான எஃகுதான். அடிபடும் வேலைக்கு லாரிப் பட்டை எஃகு, அதாவது லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை, எவ்வளவோ மேல்.

விற்றவருக்குப் போட்டோக்களை அனுப்பினேன். "கத்தியால விறகு பிளப்பாங்களா சார்? மிஸ்யூஸ் பண்ணிருக்கீங்க" என்று பதில் வந்தது. அவர்களுடைய வீடியோவையே திருப்பி அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல் வழக்குப் போடலாம். ஆனால் யார்மீது போடுவது? பில் இல்லை, முகவரி இல்லை, ஒரு ஜிபே பெயர் மட்டும் இருக்கிறது. நீங்கள் வாங்கினால் பில் வாங்குங்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், கயிறு இல்லாமல் பிடியின் போட்டோவைப் பணம் அனுப்பும் முன்பே கேளுங்கள். தர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது ஆசாரியே லாரிப் பட்டையில் ஒன்று அடித்துக் கொடுத்திருக்கிறார். அலகு 11 சென்டிமீட்டர், முதுகு 4 மில்லிமீட்டர், புளிய மரப் பிடி, விளிம்பில் இரும்பு பளிச்சென்று தெரிகிறது. நம் ஊர் ஈரத்துக்கு ஒரு வாரம் கவனிக்காவிட்டால் துரு பிடிக்கும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். இதை எடுத்துக்கொண்டு கோடியக்கரைக்குப் போகலாமா என்று மச்சான் கேட்டார். அது சரணாலயம். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கத்தியும் ஆயுதம்தான், அனுமதியில்லாமல் உள்ளே கொண்டுபோக முடியாது.

நேற்று மச்சான் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். வேறு பெயரில் ஒரு பக்கம், அதே பச்சைக் கயிறு, அதே வீடியோ. விலை 3,200.