ஷொய்ப்ளவும் மெர்ட்ஸும்: தங்கியவர், திரும்பியவர்

ஜெர்மனியின் பழமைவாதக் கட்சியான கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தில் நெடுங்காலம் அரசியல் செய்ய இரண்டு வழிகளைப் பார்க்கலாம்.

வொல்ஃப்காங் ஷொய்ப்ள போனது முதல் வழி. 1972-இல் ஒஃபன்பூர்க் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் நுழைந்தவர், 2023 டிசம்பரில் இறக்கும்வரை உறுப்பினராகவே இருந்தார். 51 ஆண்டுகள்! உள்துறை அமைச்சராக 1990-இல் இரு ஜெர்மனிகளின் இணைப்பு ஒப்பந்தத்தைப் பேசி முடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தேர்தல் கூட்டமொன்றில் சுடப்பட்டு, நடக்கும் திறனை இழந்தார். சில வாரங்களிலேயே சக்கர நாற்காலியில் பணிக்குத் திரும்பினார். இன்றும் என்னை அசரவைப்பது இதுதான். 2000-இல் நன்கொடை ஊழல் விவகாரத்தில் கட்சித் தலைமையை இழந்தும், பின்னாளில் நிதியமைச்சராகவும் அவைத் தலைவராகவும் உயர்ந்தார். பிரதமர் பதவி மட்டும் வாய்க்கவில்லை.

ஃப்ரீட்ரிஷ் மெர்ட்ஸ் வழி வேறு. 2000-இல் ஷொய்ப்ளவுக்குப் பின் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவரானவர். 2002-இல் அங்கெலா மெர்க்கலிடம் அதைப் பறிகொடுத்தார். 2009-இல் அவையை விட்டு விலகி, வழக்கறிஞர் தொழிலுக்கும் பிளாக்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும் போனார். பிறகு அரசியலுக்குத் திரும்பி, கட்சித் தலைமைக்கான போட்டியில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்றார். 2025 மே 6 அன்று, இரண்டாம் சுற்று வாக்கெடுப்பில் பிரதமரானார்.

பதவியை வைத்துப் பார்த்தால் மெர்ட்ஸ் முந்துகிறார். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர் என்ற வேலையை அளவுகோலாக வைத்தால், என் மதிப்பு ஷொய்ப்ளவுக்கே.