கேபிள் பாக்ஸா, டிஷ்ஷா, ஆப்பா, போனா: காது மந்தமானவர் வீட்டுக்கு எது சரி?

என் அம்மாவுக்கு இரண்டு காதிலும் மெஷின். எதிரே உட்கார்ந்து பேசினால் புரிந்துகொள்வார். டிவியில் வசனத்தோடு பின்னணி இசையும் சேர்ந்து வந்தால் ஒன்றும் பிடிபடாது. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். பேசுவது திரையின் அடியில் எழுத்தாக ஓடினால்தான் அவரால் கதையைத் தொடர முடியும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக் கேபிள் பாக்ஸ், வேளச்சேரியில் தம்பி வீட்டு டிஷ், டிவிக்குள் இருக்கும் ஆப்கள், கைப்பேசி என்று எல்லாவற்றிலும் இதைத் தேடிப் பார்த்தாயிற்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் பார்க்க ஆப், செய்திக்கு டிவியின் பேச்சைக் கேட்டு எழுதிக் காட்டும் போன். ஆங்கிலப் படங்களுக்குக் கேபிளோ டிஷ்ஷோ எது இருந்தாலும் போதும். தமிழ் எழுத்து வரும் என்று நம்பிக் கேபிளிலிருந்து டிஷ்ஷுக்கு மாறுவது வீண் செலவு.

பலரும் முதலில் இடறுவது டிவி ரிமோட்டில். சப்டைட்டில் என்றோ சிசி என்றோ அதில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் இந்த வசதி இல்லை என்று திரையில் வரும், அல்லது ஒன்றுமே நடக்காது. டிவியில் பழுது எதுவும் இல்லை. பாக்ஸிலிருந்து ஹெச்டிஎம்ஐ வயரில் டிவிக்கு வருவது தயாராகிவிட்ட படமும் ஒலியும்தான். எழுத்துத் தகவல் அதில் தனியாக வராது. எழுத்தைப் பிரித்தெடுத்துப் படத்தின்மேல் ஒட்டி அனுப்ப வேண்டியது பாக்ஸின் வேலை. டிவியின் அந்தப் பட்டனுக்கு உயிர் வருவது ஆன்டெனா அல்லது டிஷ் வயரை நேரே டிவியின் சொந்த ட்யூனரில், அதாவது சேனலைப் பிடிக்கும் பகுதியில், செருகியிருக்கும்போதுதான். ஆகவே பாக்ஸ் வைத்திருப்பவர்கள் டிவி ரிமோட்டை மறந்துவிட்டு, பாக்ஸ் ரிமோட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள், அங்கே எல்லாச் சேனலிலும் எழுத்து ஓடுகிறதே என்பார்கள். அங்கே 1990-இல் சட்டம் போட்டார்கள். 1993 ஜூலை முதல், 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் எழுத்தைப் பிரிக்கும் சில்லு கட்டாயம் ஆனது. பழைய அனலாக் படத்தின் 21-ஆவது வரியில் எழுத்து மறைந்து வரும். டிவி அதைப் படித்துக் காட்டும். டிஜிட்டல் பாக்ஸும் ஹெச்டிஎம்ஐயும் வந்த பிறகு அவர்களும் நம்மைப் போலவே திண்டாடினார்கள். எழுத்துக்கான அமைப்பு பாக்ஸின் மெனுவுக்குள் எங்கோ போய் ஒளிந்தது. சில பாக்ஸ்களில், பாக்ஸை அணைத்துவிட்டு மெனு பட்டனை அழுத்தினால்தான் அந்தப் பக்கமே திறக்கும். இந்த அமைப்புகள் பார்வையாளர் கைக்கு எளிதில் எட்ட வேண்டும் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் விதி செய்தது 2024 ஜூலையில்தான். அங்கிருந்து டிவியைச் சுமந்து வந்தால் இங்கேயும் எழுத்து வரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பழைய முறையின் எழுத்துப் பட்டியலில் தமிழே கிடையாது. நம் கேபிளும் டிஷ்ஷும் இயங்குவது ஐரோப்பாவில் உருவான டிவிபி (DVB) என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில்.

சரி, கேபிளுக்கு வருவோம். சென்னைக்குப் பாக்ஸ் புதிதல்ல. கட்டணச் சேனல்களுக்குப் பாக்ஸ் வேண்டும் என்ற முறை 2003 செப்டம்பரிலேயே இங்கே நடைமுறைக்கு வந்தது. 2012-இல் கேபிளை முழுக்க டிஜிட்டல் ஆக்கும் முதல் கட்டத்தில் இருந்த நான்கு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. இத்தனை காலப் பழக்கம் இருந்தும், எங்கள் பாக்ஸின் மெனுவில் சப்டைட்டில் பக்கம் மட்டும் வாடகைக்கு விடாத அறை போலக் காலியாகவே கிடக்கிறது. அமைப்புகளுக்குள் போய், மொழி என்ற பகுதியைத் திறந்து, சப்டைட்டில் மொழியில் தமிழைத் தேர்ந்து வைத்தேன். அப்புறம் தமிழ்ச் சேனல்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எதிலும் ஒரு வரி வரவில்லை. கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு, "பட்டன் இருக்கும்மா, மேலேருந்து அனுப்புனாத்தான் இங்க வரும்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த ‘மேலே’ ஒரே இடம் அல்ல.

டிவிபி முறையில் படத்துக்கு ஒரு ஓடை, ஒலிக்கு ஒரு ஓடை, எழுத்துக்குத் தனியாக இன்னொரு ஓடை. சேனல் அந்த மூன்றாவது ஓடையை அனுப்பாமலே இருக்கலாம். அனுப்பினாலும், செயற்கைக்கோளிலிருந்து இறக்கி, சுருக்கி, பிற சேனல்களோடு கட்டிக் கேபிளில் ஏற்றும் கட்டுப்பாட்டு அறையில் அது விடுபட்டுப் போகலாம். இரண்டும் தாண்டி வந்தாலும், பாக்ஸில் வேறு மொழி தேர்வாகியிருந்தால் காட்டாது. எது நடந்தாலும் வீட்டில் தெரிவது ஒரே காட்சி, வெறும் திரை.

பாக்ஸில் தமிழ் எழுத்துரு இல்லை, அதனால்தான் வரவில்லை என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். டிவிபி சப்டைட்டிலுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அதில் எழுத்து, எழுத்தாக வருவதில்லை; சிறு சிறு படங்களாகவே வருகிறது. அனுப்புகிறவர் தமிழில் வரைந்து அனுப்பினால், தமிழ் எழுத்துரு இல்லாத பாக்ஸும் அப்படியே காட்டும். இதிலேயே ஒரு குறையும் உண்டு. படமாக வருவதால் பெரிதாக்க முடியாது. காது மந்தமானவர்களில் வயதானவர்கள் அதிகம், அவர்களுக்குக் கண்ணும் மங்கல். பொடி எழுத்தைக் கொடுத்துவிட்டுப் பெரிதாக்க வழியில்லை என்றால் பாதி உதவிதான்.

டிஷ்ஷின் நிலைமையும் இதேதான். இடையில் கைகள் குறைவு என்பது ஒன்றுதான் வித்தியாசம். நாடு முழுக்க ஒரே இடத்திலிருந்து ஏற்றுவதால், எழுத்து வந்தால் எல்லார் வீட்டிலும் வரும். ஆனால் அனுப்பாத சேனல் டிஷ்ஷிலும் அனுப்பாத சேனல்தான். தம்பி வைத்திருப்பது ஆண்ட்ராய்டு பாக்ஸ், டிஷ்ஷும் இணையமும் சேர்ந்தது. அதன் அணுகல்தன்மை அமைப்புகளில் எழுத்தின் அளவு, நிறம், பின்னணி எல்லாம் மாற்ற இடம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மஞ்சள் எழுத்து, கறுப்புப் பின்னணி, பெரிய அளவு என்று வைத்தோம். டிஷ் சேனலுக்குத் திரும்பினால் எதுவும் மாறவில்லை. அந்த அமைப்பு, அதை மதிக்கும் ஆப்களுக்கு மட்டும்தான். இந்த வகைப் பாக்ஸ் வாங்கலாம், தாராளமாக. ஆனால் ஆப்களுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கேபிளிலும் டிஷ்ஷிலும் நம்பிப் பார்க்கக்கூடியது படத்தோடு பொறித்தே வரும் எழுத்து. ஆங்கிலப் படச் சேனல்கள் பல ஆண்டுகளாக ஆங்கில வரிகளை இப்படித்தான் தருகின்றன. பாட்டு வரிகளை அதே மொழியில் திரையில் ஓட்டும் முறையும் இதே வகை. கல்வியாளர் பிரிஜ் கோத்தாரியின் முயற்சியில் 1999-இல் குஜராத்தி தூர்தர்ஷனில் தொடங்கியது, மக்களின் வாசிப்புப் பழக்கத்துக்காக. பொறித்த எழுத்தை எந்த வயரும் எந்தப் பாக்ஸும் தடுக்க முடியாது.

தடுப்பது நாம்தான். பழைய 4:3 சேனலில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று பல வீடுகளில் டிவியை ஜூமில் வைத்திருப்பார்கள். ஜூம் படத்தின் மேலும் கீழும் வெட்டும். இரண்டு வரி எழுத்தில் கீழ்வரி பாதியோடு போய்விடும். ‘க’ என்பதா ‘கு’ என்பதா என்றே தெரியாது. ரிமோட்டில் படவிகிதத்தை 16:9-க்கு மாற்றுங்கள். ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கேன் என்று இருந்தால் அதைப் போடுங்கள். பாக்ஸின் மெனுவிலும் தனியாக ஒரு படவிகித அமைப்பு இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். காசு செலவில்லாமல் உடனே பலன் தருவது இதுதான். முடிந்தால் அதே சேனலின் ஹெச்டி வடிவத்தை எடுங்கள். சாதாரண வடிவத்தில் சிறு எழுத்தின் ஓரங்கள் கரைந்துபோகும்.

ஆப்களில் எழுத்து, எழுத்தாகவே வருகிறது. அதனால் பெரிதாக்கலாம், நிறம் மாற்றலாம், வேண்டாம் என்றால் நிறுத்தலாம். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் எழுத்தின் தோற்றத்துக்கென்றே தனி அமைப்பு உண்டு. ஒருமுறை சரிசெய்து வைத்துவிட்டால் பெரியவர்கள் மறுபடி தொட வேண்டியதில்லை. குறை வேறு இடத்தில். தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில வரிகள் பரவலாகக் கிடைக்கின்றன, தமிழ் வரிகள் அந்த அளவுக்கு இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு, தமிழ்ப் படத்தை ஆங்கில வரியோடு கொடுத்து என்ன பயன்? சந்தா கட்டும் முன், அவர் பார்க்க விரும்பும் நான்கைந்து படங்களைத் திறந்து, சப்டைட்டில் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விளம்பரத்தில் ‘தமிழில்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் ஒலியைக் குறிக்கும். இன்னொன்று, தொடர்கள். சேனலில் ஓடும் அதே தொடர் ஆப்பிலும் கிடைக்கிறது என்பதால் எழுத்தும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தனியாகப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

போனை நான் முதலில் பெரிதாக எண்ணவில்லை. இப்போது செய்தி நேரத்தில் எங்கள் வீட்டில் அதுதான் துணை. ஆண்ட்ராய்டில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற ஆப், 2019-இல் வந்தது, இலவசம். கேட்கும் பேச்சைத் தமிழில் எழுதிக் காட்டும். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைய மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்னாலோ இருக்கும். சோபாவில் அம்மா கையில் போனை வைத்திருந்தால் மின்விசிறிச் சத்தம்தான் அதிகம் போகிறது. டிவி ஸ்டாண்டில், திரையின் அடி விளிம்பை ஒட்டிப் போனைச் சாய்த்து வைத்து, ஆப்பில் எழுத்தை மிகப் பெரிதாக்கினோம். கண் திரைக்கும் போனுக்கும் அலைய வேண்டியதில்லை. வீட்டில் பழைய டேப்லெட் இருந்தால் இன்னும் நல்லது.

செய்தி வாசிப்பவர் நிறுத்தி, தெளிவாகப் பேசுவதால் பெரும்பாலும் சரியாக எழுதுகிறது. ஊர்ப் பெயர்களிலும் ஆள் பெயர்களிலும் தடுமாறும். விவாத நிகழ்ச்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அது எழுதுவதை நம்ப வேண்டாம். தொடர்களில் இன்னும் மோசம். வசனத்துக்கு அடியில் வயலினும் உடுக்கையும் ஓயாமல் ஒலிப்பதால் பாதி வார்த்தைகள் விழுந்துவிடுகின்றன. எழுத்து, பேச்சுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். இணையமும் வேண்டும்.

ஆக, போன் ஒரு தற்காலிக ஒட்டுதான். சேனல் செய்ய வேண்டியதை அது செய்து முடிக்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-ஆம் பிரிவில், மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகை மொழி, எழுத்து வசதி மூன்றையும் குறிப்பிட்டுச் சொல்கிறது. காது கேளாதோருக்கான தொலைக்காட்சித் தரநிலைகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் வெளியிட்டது. நேரலைக்கு அதில் விலக்கு உண்டு; நேரலையில் எழுத்து கொடுப்பது கடினம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தொடர் முன்கூட்டியே எடுக்கப்படுவது. வசனம் எழுதப்பட்ட பிறகுதான் நடிகர் பேசுகிறார். எழுத்தாக ஏற்கெனவே இருப்பதைத் திரைக்குக் கொண்டுவரக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

சேனலுக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால், இதே சட்டப்படி உரிமை மறுப்புகளை விசாரிக்க அதிகாரம் பெற்ற மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். கடிதத்தில் சேனலின் பெயர், நிகழ்ச்சி, நாள், நேரம், பாக்ஸின் மாடல், சப்டைட்டில் மொழி தமிழில் இருக்கும் மெனுவின் புகைப்படம் எல்லாம் இருக்கட்டும். அதே நேரத்தில் அதே நிகழ்ச்சியை டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலும் பார்த்து, அங்கேயும் எழுத்து வரவில்லை என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போது, உங்கள் பாக்ஸில்தான் கோளாறு என்று அவர்களால் திருப்பி அனுப்ப முடியாது.