படையை யார் கொண்டுவருவது?

திருவான்மியூரில் எங்கள் அடுக்ககத்தின் பொதுக்கூடம் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை கிடைத்தது. ஆறுக்கு யோகா வகுப்பு. சின்னப் பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையிடும் மேசைப் போர் விளையாட்டுக் குழு தொடங்க அது போதும்; எதை ஆடுவது என்பதில்தான் இழுபறி. எதிர்கால விண்வெளிப் போர் ஆட்டமான வார்ஹேமர் 40,000 என்றார் ஒருவர். அதே உலகில் நடக்கும் சிறிய ஆட்டமான கில் டீம் போதும் என்றார் இன்னொருவர். நான், பக்கத்திலேயே அடையாற்றங்கரையில் நடந்த பழைய சண்டையை ஆட்டமாக்கும் அடையாற்றுப் போரைப் பிடித்துக்கொண்டேன்.

வார்ஹேமருக்குப் பெயர் இருக்கிறது. 1987-இல் வந்த ஆட்டம், உலகெங்கும் ஆடுகிறார்கள். ஊருக்குப் புதிதாக வருபவர்கூடத் தன் பெட்டியைத் திறந்து நேரே களத்தில் இறங்கலாம். ஆனால் வழக்கமான ஆட்டத்துக்குப் பக்கத்துக்கு 2,000 புள்ளிப் படையும் (ஒவ்வொரு வீரருக்கும் பலத்துக்கு ஏற்ற புள்ளி உண்டு) 60க்கு 44 அங்குலக் களமும் வேண்டும். மூன்று மணி நேரம் சாதாரணமாகப் போகும். புதியவர் இருந்தால் ஆட்டம் முடிவதற்குள் யோகா பாய் விரிக்க ஆள் வந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, படையை அவரவரே வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசிக் கொண்டுவர வேண்டும் என்பது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி வேறு. ஆசையோடு வந்த பையன் முதல் மாதம் முழுக்க வேடிக்கைதான் பார்ப்பான். (ஐப்பசி மழையில், வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாக அடிக்கும் ஸ்பிரே பிரைமரைத் தொடாதீர்கள். என் வீரர்கள் ஐந்து பேர் விபூதி பூசியதுபோல் வெளுத்துப்போனார்கள். ஈரக்காற்றில் தூரிகையால் பூசும் பிரைமர்தான் சரி.)

கில் டீமில் பக்கத்துக்குப் பத்துப் பொம்மை வீரர்கள் வாக்கில் இருந்தால் போதும். ஒரே பிற்பகலில் இரண்டு ஆட்டம் முடிக்கலாம். இரண்டு அணிகளைக் குழுவே வாங்கி வைத்துக்கொண்டால் வெறுங்கையோடு வருபவரும் ஆடலாம். பிளைவுட் எட்டுக்கு நான்கு அடிப் பலகையாக வருகிறது. வார்ஹேமருக்கான பெரிய மேசைக்கு ஆறடி அறுத்தால் இரண்டுக்கு நான்கு அடித் துண்டு மிஞ்சும். கில் டீம் களம் ஏறத்தாழ 30க்கு 22 அங்குலம். அந்தத் துண்டில் களமும் அடங்கி, பக்கத்தில் பகடை உருட்டவும் இடம் இருக்கிறது.

அடையாற்றுப் போரில் இரு தரப்புப் படைகளையும் ஆட்டத்தை நடத்துபவரே வைப்பார். 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஆற்காட்டு நவாபின் மகன் மஃபூஸ் கான், பத்தாயிரம் பேர் என்று சொல்லப்படும் படையோடு அடையாற்றின் வடகரையில் வழிமறித்தார். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படைத்தலைவர் பாரடி ஏறத்தாழ ஆயிரம் பேரோடு வந்து ஆற்றில் இறங்கிக் கடந்து, ஒருசேரச் சுட்டு, துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்து வென்றார். ஆட்டத்தில் அப்படியே விட்டால் நவாப் பக்கம் ஆட யாரும் முன்வர மாட்டார்கள். அதனால் எட்டாவது சுற்றுக்குள் பிரெஞ்சுப் படை மேசையின் கோட்டைப் பக்க ஓரத்தைத் தொடாவிட்டால் மஃபூஸ் கானுக்கு வெற்றி என்று வைத்தோம். இப்போது அந்தப் பக்கத்துக்குத்தான் போட்டி.

படைகள் கெட்டித்தாளில் அச்சடித்தவை, செலவு சொற்பம். மே மாத வெயிலில் மின்விசிறியைப் போட்டதும் நவாபின் குதிரைப்படை மொத்தமும் பறந்து மாமி ஒருவரின் காய்கறிப் பையில் இறங்கியது. விசிறியை நிறுத்தினால் நாங்கள் வெந்துபோவோம். கடைசியில் ஹார்டுவேர் கடையில் இரும்பு வாஷர் வாங்கி, ஃபெவிகால் தடவி ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஒட்டினோம். குறை ஒன்று உண்டு: விதிகளை நாமே எழுத வேண்டும், எழுதியவரே ஆடினால் சண்டை வரும். நான் எழுதியதால் நடுவராக மட்டும் நிற்கிறேன்.

என் தேர்வு: புதிதாக வருபவருக்கு முதல் ஞாயிறு அடையாறு, மறு வாரத்திலிருந்து கில் டீம். பெரிய வார்ஹேமர், யாராவது இருவர் சொந்தப் படையோடு வந்து நிற்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரம் புதிதாக மூவர் வருகிறார்கள். மஃபூஸ் கான் பக்கம் இன்னும் நாற்பது வாஷர் ஒட்ட வேண்டியிருக்கிறது.