ஸாராவின் இரும்பாலைப் புகை உடை: பத்து கார்பனுக்கு இரண்டுதான்

2021 டிசம்பரில் ஸாரா என்ற ஆடை நிறுவனம் சில கறுப்பு பார்ட்டி உடைகளை இறக்கியது, இரும்பாலைப் புகையிலிருந்து வந்த பாலியெஸ்டர் என்ற அறிமுகத்தோடு. அதில் ஒன்று எங்கள் சொந்தக்காரப் பெண்ணிடம் இருக்கிறது. கசக்கிப் பார்த்தேன், புகை என்றார்களே என்று முகர்ந்தும் பார்த்தேன். சாதாரண பாலியெஸ்டர்தான். மூலக்கூறு அதேதான் என்னும்போது வேறு எப்படி இருக்கும்?

சுவாரசியம் துணியில் இல்லை, அது வந்த வழியில் இருக்கிறது. சீனாவின் ஷௌகாங் இரும்பாலைக் கழிவு வாயுவில் கார்பன் மோனாக்சைடு நிறைய. அதை லான்சாடெக் நிறுவனம் தொட்டிக்குள் குமிழ்களாக விட, க்ளோஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜெனம் என்ற பாக்டீரியா தின்றுவிட்டு எத்தனாலை வெளியே தள்ளுகிறது. முதலில் முயல் புழுக்கையிலிருந்து பிரித்தெடுத்த கிருமி இது! நம்மைக் கொல்லும் வாயுதான் அதற்குச் சாப்பாடு. உலோக வினையூக்கியை வைத்து இதே மாதிரி வாயுவை மாற்ற வேண்டுமென்றால் நல்ல சூடு, அழுத்தம், ஹைட்ரஜனும் மோனாக்சைடும் சரியான விகிதம் எல்லாம் வேண்டும். இது நம் உடம்புச் சூட்டிலேயே வேலை பார்க்கும், விகிதம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது.

அதற்காக எதையும் தாங்கும் என்றில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், வீரோ பீச்சில் இனியோஸ் பயோ என்ற இன்னொரு நிறுவனம் இதே மாதிரிக் கிருமியை நம்பிக் கட்டிய ஆலையில் வாயுவோடு வந்த ஹைட்ரஜன் சயனைடு கிருமிகளைப் பாதித்து, உற்பத்தி படுத்து, 2016-இல் ஆலையையே விற்பனைக்கு விட வேண்டியதாயிற்று.

சரி, உடைக்கு வருவோம். எத்தனாலை எத்திலீனாக்கி, அப்புறம் கிளைக்காலாக்கி, அதைத் தெரெப்தாலிக் அமிலத்தோடு சேர்த்தால்தான் பாலியெஸ்டர். (2021-இலேயே லுலுலெமன் என்ற ஆடை நிறுவனத்துக்காக இப்படி நூல் செய்தபோது கிளைக்கால் வேலையைப் பார்த்தது நம்ம இந்தியா கிளைக்கால்ஸ் நிறுவனம்.) பாலியெஸ்டர் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பத்து கார்பன். கிளைக்காலிலிருந்து வருவது இரண்டு, மீதி எட்டும் அமிலத்திலிருந்து, அதாவது பெட்ரோலியத்திலிருந்து. ஸாரா இதை மறைக்கவில்லை, 20 சதவீதம் என்றே போட்டிருந்தது. ஆனால் கேட்பவர் காதில் விழுவது "புகை உடை" மட்டும்தான்.

என்னைக் கேட்டால் இந்தப் பாக்டீரியாவுக்கு நியாயம் செய்வது எத்தனாலை எத்தனாலாகவே விற்கும் சரக்குகள். 2023-இல் கோட்டி நிறுவனம் கொண்டுவந்த கூச்சி (Gucci) பிராண்டு வாசனைத் திரவியத்தில் ஆல்கஹால் முழுக்க இந்த வகைதான், ஆனால் விலை நமக்கு எட்டாது. சுவிட்சர்லாந்தில் மிக்ரோஸ் என்ற கடைச் சங்கிலி இந்த எத்தனாலை வீடு துடைக்கும் திரவத்தில் போட்டு விற்றது, அது இங்கே வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

உடைக்கு ஐந்தில் இரண்டரை. தையல் நன்றாக இருக்கிறது, அதற்காக அந்த அரை.