புது டயரா, ரீபட்டனா: பத்துச் சக்கர லாரிக்கு எது கட்டுப்படியாகும்?

பத்துச் சக்கர லாரிக்கு முன்னால் இரண்டு டயர், பின்னால் எட்டு. பின்னால் உள்ள எட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தேய்ந்து முடியும். நல்ல நிறுவனத்தின் 10.00 ஆர் 20 அளவு ரேடியல் (எஃகு இழை வைத்த) டயர் ஒன்று 22,000 ரூபாய் என்று வைத்தால்கூட எட்டுக்கு 1,76,000 ரூபாய் ஆகிறது. வண்டித் தவணையும் இன்சூரன்ஸும் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) செலவும் அதே மாதத்தில் வந்து நின்றால், ஒற்றை லாரி வைத்து ஓட்டுபவர் அந்தத் தொகையைப் புரட்டுவது பெரும்பாடு. அதனால்தான் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் பின் டயர்களுக்கு ரீபட்டன் போட்டு, அதாவது தேய்ந்த டயரின் பழைய பட்டனை (தரையில் படும் வரிப்பள்ள ரப்பரை) எடுத்துவிட்டுப் புதுப் பட்டன் ஒட்டி, ஓட்டுவது நெடுநாள் வழக்கமாக இருக்கிறது. ரீபட்டன் என்றாலே ஆபத்து என்று சொல்பவர்கள் உண்டு. எந்தப் பழைய டயருக்கும் பட்டன் ஒட்டி எந்தச் சக்கரத்திலும் மாட்டலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை.

லாரிக்காரர் முன் இருக்கும் வழிகள் நான்கு. புது ரேடியல் வாங்கலாம். தன் வண்டியில் ஓடித் தேய்ந்த டயரையே கோல்டு முறையில் ரீபட்டன் போடலாம். அதையே ஹாட் முறையில் இன்னும் மலிவாகப் போடலாம். அல்லது கடையில் தயாராக அடுக்கி வைத்திருக்கும் ரீபட்டன் டயரையோ, செகண்ட் ஹேண்ட் டயரையோ வாங்கி மாட்டலாம். பேச்சு எப்போதும் புதுசா ரீபட்டனா என்றே போகிறது. நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: அந்தக் கேசிங், அதாவது பட்டன் போக மிஞ்சும் டயரின் உடல், யாருடையது, அது இதுவரை எப்படி ஓடியது?

கோல்டுக்கும் ஹாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டறையில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். இரண்டிலும் பழைய பட்டனை இயந்திரத்தில் சுரண்டி எடுக்கிறார்கள். சுரண்டிய பரப்பு மெல்லிய சொரசொரப்போடு ஒரே சீராக இருக்க வேண்டும். கருகினாலோ பள்ளம் விழுந்தாலோ ஒட்டு பிடிக்காது. கோல்டு முறையில், முன்பே அச்சில் வெந்து பட்டன் விழுந்த ரப்பர் பட்டையை, இடையே ஒட்டு ரப்பர் வைத்துச் சுற்றி, உறை போட்டு, அழுத்த அறையில் 100 டிகிரியைச் சற்றே தாண்டிய வெப்பத்தில் சில மணி நேரம் வேகவைக்கிறார்கள். ஹாட் முறையில் வேகாத ரப்பரைச் சுற்றி அச்சுக்குள் வைத்து 150 டிகிரியை ஒட்டிய வெப்பம் கொடுக்கிறார்கள். கேசிங்குக்கு அது ஒரு கூடுதல் தண்டனை. அச்சின் அளவும் டயரின் அளவும் சரியாகப் பொருந்தாவிட்டால் கேசிங்கை இழுத்தோ நெருக்கியோ பொருத்திவிடுவார்கள். ஹாட் முறை கெட்டது என்று சொல்ல மாட்டேன். நல்ல அச்சும் பொறுப்பான ஆளும் இருந்தால், குறைந்த தூர நடைக்கு நைலான் டயரில் அது இன்றும் போதும். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓய்வின்றி ஓடும் ரேடியலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது பணத்துக்கு வருவோம். கீழே உள்ளவை எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் வண்டியின் ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

புது ரேடியல் 22,000 ரூபாய், ஓட்டம் 80,000 கிலோமீட்டர், தேய்ந்த கேசிங்கை விற்றால் 4,000 ரூபாய் என்று வைப்போம். நிகரச் செலவு 18,000, கிலோமீட்டருக்கு 22.5 காசு. அதே கேசிங்கை விற்காமல் 6,500 ரூபாய்க்குக் கோல்டு போட்டு 50,000 கிலோமீட்டர் ஓட்டினால் 13 காசுதான் ஆகிறது என்று பலரும் கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. விற்றிருந்தால் கைக்கு வந்திருக்கும் 4,000 ரூபாயும் ரீபட்டனின் செலவுதான். சேர்த்தால் 10,500 ரூபாய், கிலோமீட்டருக்கு 21 காசு. புது டயரைவிட ஒன்றரைக் காசுதான் குறைவு. அந்தக் கேசிங் இரண்டாம் முறையும் தேறி, மேலும் 6,500 ரூபாய் செலவில் 40,000 கிலோமீட்டர் ஓடினால், மொத்தம் 17,000 ரூபாய்க்கு 90,000 கிலோமீட்டர்; 19 காசுக்கும் கீழே இறங்குகிறது. ரீபட்டனில் உண்மையான லாபம் அந்த இரண்டாம் முறையில் இருக்கிறது. முதல் ரீபட்டனே 15,000 கிலோமீட்டரில் பட்டை உரிந்து போனால் கிலோமீட்டருக்கு 70 காசு. 4,000 ரூபாய்க்கு ஹாட் போட்டு 25,000 கிலோமீட்டரோடு முடிந்தால், கேசிங்கின் 4,000 ரூபாயும் சேர்த்து 32 காசு. மலிவு என்று நினைத்துப் போட்டது புது டயரைவிடக் கூடுதல் செலவில் முடிகிறது.

இந்த எண்களின்படி ரீபட்டன் 47,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் புது டயரை வெல்கிறது. அப்படியானால் ஏன் இத்தனை பேர் போடுகிறார்கள்? கையில் பணம் இல்லாததால்தான். எட்டு டயருக்கு ரீபட்டன் 52,000 ரூபாயில் முடிகிறது. புது டயருக்குப் பழைய கேசிங்கை விற்ற பணம் போக 1,44,000 ரூபாய் வேண்டும். வித்தியாசமான 92,000 ரூபாயை வட்டிக்கு வாங்குபவருக்கு வட்டியும் டயர் செலவுதான். இந்த நெருக்கடியை அறியாமல் ‘புதுசு போட வேண்டியதுதானே’ என்று சொல்வது எளிது.

விலை நிலவரம் இந்தச் சில ஆண்டுகளில் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிந்த ரேடியல் டயர்கள் ஒரு காலத்தில் ரீபட்டன் தொழிலையே நெருக்கின. 2017இல் அவற்றின் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி வந்தது. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கே உரிமம் தேவை என்றானது. அதன்பின் ரீபட்டன் பக்கம் மறுபடியும் ஆள் வந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் லாரி டயருக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. ரீபட்டன் ஏற்கெனவே 18 விழுக்காட்டில்தான் இருந்தது. ஆக அதற்கிருந்த வரிச் சலுகை போய்விட்டது. பழைய விலையை மனத்தில் வைத்து ரீபட்டன்தான் லாபம் என்று முடிவு செய்திருப்பவர்கள் ஒருமுறை புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சாலையே காட்டிவிடும். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலையோரம் கறுப்புப் பட்டைகள் சுருண்டு கிடப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. எல்லாரும் அதை ரீபட்டன் உரிந்தது என்றே சொல்கிறார்கள். ஓரமாக நிறுத்த வாய்ப்பிருக்கும் இடத்தில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் கம்பி எதுவும் இல்லாமல் வழவழப்பாக, ஒட்டிய ரப்பர் அப்படியே கழன்று வந்ததுபோல் இருந்தால் அது பட்டறையின் குறை: ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. உட்புறத்தில் எஃகு இழைகள் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தால் பட்டனோடு கேசிங்கின் பெல்ட்டே (பட்டனுக்கு அடியில் உள்ள எஃகு இழை அடுக்கு) பிரிந்து வந்திருக்கிறது. ஒட்டு கடைசிவரை பிடித்திருந்தது. உள்ளே இருந்த கேசிங்தான் வெப்பத்தில் விட்டுப்போனது. புது டயரும் இதேபோல்தான் பிரியும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சாலையில் கிடந்த டயர்த் துண்டுகளைச் சேகரித்து நடத்திய ஆய்வு 2008 டிசம்பரில் வெளிவந்தது. ரீபட்டன் வேலையின் குறைபாட்டைவிட, சாலையில் குத்திக் கிழித்த பொருட்களும் பராமரிப்புக் குறைவும் வெப்பமும்தான் முன்னணிக் காரணங்கள் என்பதே அதன் சாரம். நம் சாலையும் லோடும் வேறு என்பதால் அதை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

வெப்பத்துக்கு முதல் காரணம் காற்றுக் குறைவு. 120 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய டயரில் காற்று 96க்குக் கீழே இறங்கினால் அது காற்றில்லாமல் ஓடிய டயர் என்றே கொள்ள வேண்டும். இரும்புக் கம்பியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் அடியோடு இறங்கிய டயரைத்தான் காட்டும்; 120க்கும் 90க்கும் உள்ள வேறுபாடு அந்தச் சத்தத்தில் தெரியாது. பின்னால் பக்கத்துப் பக்கத்தில் மாட்டும் ஜோடியில் உள் டயர் கண்ணிலேயே படாது. வால்வு கையில் எட்டவில்லை என்பதற்காக உள் டயரின் காற்றை வாரக்கணக்கில் பார்க்காத வண்டிகள் ஏராளம்.

லோடு இதைவிடக் கறாரானது. 2018 ஜூலையில் அனுமதிக்கப்பட்ட அச்சுச் சுமை கூட்டப்பட்டது. பின்னால் இரட்டை அச்சுக்கு 19 டன்னாக இருந்தது 21 டன் ஆனது. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. 21 டன்னை எட்டு டயருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 2,625 கிலோ. ஜோடியில் ஓடும்போது 143 என்ற சுமைக் குறியீடு கொண்ட டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு 2,725 கிலோ. சட்டப்படி லோடு ஏற்றினாலே மிச்சம் 100 கிலோதான். அதற்கு மேல் ஏற்றினாலோ, ஜோடியில் ஒன்று காற்றிழந்து தன் பங்கை மற்றதன் தலையில் போட்டாலோ, அது புதுசா ரீபட்டனா என்ற கேள்விக்கே இடமில்லை. புது டயரும் ரீபட்டன் டயரும் ஒரே ஜோடியில் இருந்தால் உயரம் கூடியது லோடைச் சுமக்கும், குறைந்தது தரையில் உராய்ந்து தேயும். ஆகவே ரீபட்டனுக்கு ரீபட்டனையே ஜோடியாகப் போட வேண்டும். உயரமும் அளந்து பார்க்க வேண்டும்.

முன் சக்கரத்துக்குப் புது டயர்தான். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பின்னால் ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் தாங்கிப்பிடிக்கும், வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். முன்னால் வெடித்தால் ஸ்டியரிங் ஓட்டுநரின் கையை விட்டுப் போகிறது. தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் தொப்பூர் இறக்கத்தில், முழு லோடோடு, பிரேக் சூடேறிய நிலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வழியில் ஓட்டுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டம் பஸ்ஸின் முன் சக்கரத்தில் ரீபட்டன் டயரைத் தடை செய்கிறது. லாரிக்கு அந்தத் தடை இல்லை. சட்டம் விட்டிருந்தாலும் நாம் விடக் கூடாது. முன்னால் தேய்ந்த புது டயரைப் பின்னுக்கு மாற்றி, அங்கே முழுதும் ஓட்டி, பிறகு ரீபட்டனுக்கு அனுப்பினால் கேசிங்கின் வரலாறு முழுவதும் நம் கையில் இருக்கும்.

நான்காவது வழி, அதாவது தயாராகக் கிடைக்கும் ரீபட்டனும் செகண்ட் ஹேண்ட் டயரும், எனக்கு அச்சம் தருவது. அந்தக் கேசிங் எத்தனை நாள் காற்றில்லாமல் ஓடியது, எங்கே வெட்டுப்பட்டது, எத்தனையாவது முறை பட்டன் போட்டிருக்கிறது என்பதை விற்பவரே அறியமாட்டார். குறைந்தபட்சம் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையாவது பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். அந்த எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். காற்றில்லாமல் ஓடிய ரேடியலில் பக்கச்சுவரின் எஃகு இழைகள் மடங்கி மடங்கி இற்றுப்போயிருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. மறுபடி காற்று ஏற்றும்போது ஜிப் பிரிவதுபோல் வரிசையாக அறுந்து வெடிக்கும். அப்போது பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பவர் டயர் வாங்கியவரும் அல்ல, விற்றவரும் அல்ல. பஞ்சர் கடையில் கூலிக்கு வேலை செய்பவர். இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கும் கடைகள் நம் நெடுஞ்சாலைகளில் மிகக் குறைவு. டயர் செலவில் மிச்சம் பிடித்தவர் ஒருவர், அந்த ஆபத்தை உடலால் ஏற்பவர் வேறொருவர் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உரிந்த பட்டை பின்னால் வரும் இருசக்கர வாகனத்தின் மேல் விழும்போதும் நடப்பது அதுவே.

எனவே என் தேர்வு இப்படி. காற்றளவியை வாரம் ஒருமுறை உள் டயர் உட்பட எல்லாவற்றிலும் வைத்துப் பார்க்கும் வண்டிக்கு, முன்னால் புது ரேடியல், பின்னால் சொந்தக் கேசிங்கில் கோல்டு ரீபட்டன். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டச் சட்டம் இடம் கொடுத்தாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டரிலேயே கழற்றிவிட வேண்டும். கடைசி இரண்டு மில்லிமீட்டருக்கு ஆசைப்பட்டால் கல் குத்தி பெல்ட்டில் ஈரம் இறங்கும், இரண்டாம் ரீபட்டன் கைவிட்டுப்போகும். காற்றுப் பார்க்கவே ஆளில்லாத, அளவுக்கு மீறி லோடு ஏற்றும் வண்டிக்கு ரீபட்டன் வேண்டாம். அங்கே புது டயரும் பாதி ஆயுளில்தான் போகும் என்றாலும், ஓட்டுநருக்குச் சற்றுக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும்.

பட்டறைக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு கேசிங்கின் எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு, அதே எண் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். டயரை விரித்து, விளக்கைப் பிடித்து, உட்புறத்தைத் தடவிப் பார்க்கிறவரிடம் கொடுங்கள். அவர் எட்டில் இரண்டைத் தேறாது என்று ஒதுக்கினால் சண்டை போடாமல் அந்த இரண்டுக்கும் பதில் புது ஜோடி வாங்கி மாட்டுங்கள்.