சியூ ஜெட்டி: காலையிலேயே போய்விடுங்கள்

பினாங்கில் இத்தனை வருடம் இருந்தும் சியூ ஜெட்டி என்ற பழைய படகுத்துறைக் குடியிருப்பின் கடல் முனை வரை நடந்தது போன வாரம்தான். வெல்ட் கீ பெர்ரி துறையிலிருந்து நடந்தே போகலாம், கட்டணம் இல்லை. வாசலில் சீனக் கோயில், அப்புறம் பலகைப் பாதை, இருபுறமும் கடலில் கால் ஊன்றி நிற்கும் மர வீடுகள். ஃபூஜியானிலிருந்து வந்த சியூ குலத்தார் தலைமுறைகளாக வாழும் இடம், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுனுக்குள் இருக்கிறது. முனையில் நின்றால் காலடியில் அலைச் சத்தம், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் நகரம், அந்தக் காற்றுக்காகவே மறுபடி போவேன். முன்பகுதியில் நினைவுப்பொருள் கடைகள் அதிகம், எனக்குப் பிடிக்கவில்லை. தயவுசெய்து ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளை ஒட்டிய இரவில் இங்கே ஜேட் பேரரசர் என்ற சீனக் கடவுளுக்குக் கரும்பு வைத்துப் பெரிய பூசை நடக்கும், அதற்கு அம்மாவைக் கூட்டிப் போகப் போகிறேன்.